எல்லாத் தாய்மாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி: யோங் பெங்கும் கர்ப்பகால மதுப் பயன்பாடும்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள யோங் பெங் ஒரு சிறு நகரம்தான் என்றாலும், ஃபூச்சௌ வழிச் சீனர்களும் மலாய்க்காரர்களும் தோட்டப் பாட்டாளிகளின் வழிவந்த தமிழர்களும் ஒரே சந்தையையும் ஒரே அரசாங்க கிளினிக்கையும் பகிர்ந்துகொள்ளும் ஊர் அது. மலேசியாவின் எந்த அரசாங்கத் தாய்சேய் நல கிளினிக்கிலும் நடப்பதைப் போலவே அங்கும் கருவுற்ற பெண் முதல்முறை பதிவு செய்துகொள்ளும்போது இளஞ்சிவப்பு அட்டையிட்ட பதிவேடு ஒன்று, மக்கள் வழக்கில் ‘பிங்க் புக்’, அவள் பெயரில் திறக்கப்படுகிறது. எடை, இரத்த அழுத்தம், இரத்த வகை, ஹீமோகுளோபின் அளவு, சிறுநீரில் சர்க்கரையும் புரதமும், மேகநோய், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி என்று வரிசையாகச் சோதித்த பின்னர், அவளுடைய ஆபத்து நிலைக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களுள் ஒன்று அந்தப் பதிவேட்டில் ஒட்டப்படுகிறது. வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பே போதும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நோய்க்குறி எதுவும் வெளியே தெரியாத நிலையில் எல்லோரையும் ஒரே அளவுகோலால் சோதித்து ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காணும் இம்முறை ‘முன்கண்டறிதல்’ எனப்படும். இரத்த மாதிரியிலோ சிறுநீர்ச் சீசாவிலோ அகப்படும் கேடுகளை இவ்வளவு சீராகக் கண்டறியும் ஓர் அமைப்பு, வாய்விட்டுக் கேட்டால் மட்டுமே தெரியவரும் ஒரு கேட்டை, அதாவது கருவுற்ற பெண்ணின் மதுப் பயன்பாட்டை, எப்படிக் கண்டறிய வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

தாய் அருந்தும் மதுவில் உள்ள எத்தனால் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து, சிறிது நேரத்தில் தாயின் இரத்தத்தில் உள்ள அளவை ஒட்டிய அளவிலேயே கருவின் இரத்தத்திலும் நிலைகொள்கிறது. தாயின் கல்லீரல் அதை மணிக்கணக்கில் எரித்துத் தீர்த்துவிடும்; கருவின் கல்லீரலுக்கோ அதற்குரிய நொதிகள் போதிய அளவில் இல்லை. கரு கழிக்கும் மது பனிக்குட நீரில் தங்க, அந்த நீரையே கரு மீண்டும் விழுங்குவதால், தாய்க்குப் போதை தெளிந்த பின்னும் கரு மதுவிலேயே ஊறிக் கிடக்கிறது. முகம் உருவாகத் தொடங்கும் மூன்றாம் வாரத்தில் அது பட்டால் கண் திறப்பு குறுகி, மேலுதடு மெலிந்து, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே உள்ள பள்ளம் தட்டையாகிவிடும். மூளை கர்ப்பகாலம் முழுவதும் வளர்வதால் அது பாதிக்கப்படுவதற்குக் குறிப்பிட்ட காலம் என்று ஒன்று இல்லை. பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே அந்த மூன்றாம் வாரம் கடந்துபோய்விடுகிறது என்பதுதான் இதில் மிகவும் வருத்தத்துக்குரிய செய்தி.

பிரான்சின் நான்ட் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பால் லெமுவான், மதுவுக்கு அடிமையான பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடம் ஒரே வகையான முகக்கூறுகளும் வளர்ச்சிக் குறைவும் இருப்பதை 1968இல் பதிவு செய்தார். அது பிரெஞ்சு மொழியில் வெளிவந்ததால் பரவலாகக் கவனிக்கப்படவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த கென்னத் ஜோன்சும் டேவிட் ஸ்மித்தும் ‘லான்செட்’ இதழில் இந்நிலைக்குக் ‘கருநிலை மது நோய்த்தொகுதி’ என்று பெயரிட்ட பின்னரே மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. முகத்தில் எந்தக் குறியும் தெரியாமல் நினைவாற்றலிலும் கவனத்திலும் தன்னடக்கத்திலும் மட்டும் குறை தோன்றும் குழந்தைகளே எண்ணிக்கையில் மிகுதி என்பது பின்வந்த ஆய்வுகளால் தெளிவாக, லேசானது முதல் கடுமையானது வரையிலான எல்லா நிலைகளையும் சேர்த்துக் ‘கருநிலை மதுப் பாதிப்பு வரிசை’ என்று அழைக்கும் வழக்கம் வந்தது. இக்குழந்தைகள் பள்ளியில் சோம்பேறி என்றும் முரடர் என்றும் பெயர் வாங்குகிறார்கள். யோங் பெங் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற சிறிய பள்ளி ஒன்றில் இப்படியொரு மாணவன் இருந்தால், அவனுடைய குறைக்கான காரணம் பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் இருக்கக்கூடும் என்று ஆசிரியருக்குத் தோன்ற வழியே இல்லை. தாயின் பதிவேட்டில் அந்தச் செய்தி ஏறியிருந்தால் மட்டுமே எவருக்கும் தோன்றும்.

கனடாவைச் சேர்ந்த ஸ்வெட்லானா பொப்போவாவும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலக அளவில் கருவுற்ற பெண்களில் 9.8 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர். 10,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 15 குழந்தைகள் நோய்த்தொகுதியின் முழு வடிவத்துடன் பிறக்கின்றன. கர்ப்பகாலத்தில் மது அருந்தும் 67 பெண்களில் ஒருவருக்கு அத்தகைய குழந்தை பிறக்கிறது. ஐரோப்பாவில் கருவுற்ற பெண்களில் கால்வாசிப் பேர் அருந்துவதாகவும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிழக்கு மத்தியதரைக் கடல் வட்டாரத்தில் அது ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை என்றும் அதே மதிப்பீடு கூறுகிறது. மலேசியா இவ்விரண்டு நிலைகளையும் ஒரே நாட்டுக்குள் கொண்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் மது அருந்துவோர் எனத் தெரியவந்தது. நாடு முழுவதற்குமான இந்தச் சராசரி யோங் பெங் போன்ற கலப்பு ஊருக்கு அதிகம் பயன்படாது. அது ஒரு சமூகத்துக்கு மிகையாகவும் இன்னொரு சமூகத்துக்குக் குறைவாகவும் பொருந்துவதால், கிளினிக்கில் அமர்ந்திருக்கும் தாதிக்கு எதிரே உள்ள பெண்ணைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

எனவே அவளிடமே கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் இத்துறையின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. மதுவுக்கு அடிமையானவரைக் கண்டறிய ஜான் யூயிங் என்பவர் அமெரிக்காவில் உருவாக்கிய ‘கேஜ்’ எனும் நான்கு கேள்விகள், குடியைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியதுண்டா, பிறர் கண்டிக்கும்போது எரிச்சல் வந்ததுண்டா, குற்றவுணர்வு எழுந்ததுண்டா, காலையில் கண்விழித்ததும் குடித்ததுண்டா என்பவை. ஆண்களிடம் நன்றாக வேலை செய்த இவை கருவுற்ற பெண்களிடம் தோற்றன. குற்றவுணர்வு உண்டா என்று வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணிடம் கேட்டால், அவள் உண்மையைச் சொல்வதை விட ‘நான் குடிப்பதே இல்லை’ என்று முடித்துக்கொள்வதற்கே வாய்ப்பு அதிகம். டெட்ராய்ட் நகரின் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் சோக்கோலும் உடனாய்வாளர்களும் 1989இல் குற்றவுணர்வுக் கேள்வியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ‘எத்தனை கோப்பை குடித்தால் உங்களுக்கு ஏறும்?’ என்ற ஒரு கேள்வியை வைத்தார்கள். ‘டி-ஏஸ்’ என்று வழங்கும் இப்பட்டியலின் உயிர்நாடி இந்தக் கேள்வியே. இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டும் என்று ஒருத்தி சொன்னால், அவளுடைய உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்று பொருள். அதற்கு இரண்டு மதிப்பெண், மற்ற மூன்று கேள்விகளுக்கும் தலா ஒன்று, மொத்தம் இரண்டு வந்தாலே விரிவாக விசாரிக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு குடிக்கிறாய் என்ற கேள்விக்கு மறைத்துப் பேசும் பெண்ணும் எவ்வளவில் ஏறும் என்ற கேள்விக்கு இயல்பாகப் பதில் சொல்லிவிடுகிறாள். அதில் குற்றச்சாட்டின் வாடை இல்லை என்பதே காரணம்.

பின்னர் வந்த ‘ட்வீக்’ பட்டியல் இந்தக் கேள்வியைத் தக்கவைத்துக்கொண்டு, நெருங்கியவர்கள் உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா, குடித்த பிறகு நடந்தது மறந்துபோனதுண்டா என்பவற்றையும் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ‘ஆடிட்’ பட்டியலின் முதல் மூன்று கேள்விகள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் எத்தனை கோப்பை, ஒரே அமர்வில் ஆறு கோப்பையோ அதற்கு மேலோ எத்தனை முறை என்பவை, இன்று தனியாகவும் பல நாடுகளில் கேட்கப்படுகின்றன. இப்போது குடிக்கிறாயா என்பதைவிடக் கருவுற்றது தெரிவதற்கு முந்தைய மாதத்தில் குடித்தாயா என்று கேட்பதே நேர்மையான பதிலைத் தருகிறது என்பதும், அந்தப் பதிலே கர்ப்பகாலப் பழக்கத்தை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கிறது என்பதும் இத்துறையில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்ட உண்மைகள்.

இரத்தத்தைச் சோதித்தால் போதாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. கல்லீரல் நொதிகளின் அளவும் சிவப்பணுவின் பருமனும் கர்ப்பத்தினாலேயே மாறக்கூடியவை என்பதால் அவை நம்பகமானவை அல்ல. சிவப்பணுவின் மேலுறையில் எத்தனால் இருந்தால் மட்டுமே உருவாகும் பாஸ்ஃபடிடைல் எத்தனால் எனும் பொருள் இரண்டு முதல் நான்கு வாரம் வரையிலான குடியைக் காட்டும். பிறந்த குழந்தையின் முதல் மலமான கருமலத்தில் சேரும் கொழுப்பமில எஸ்டர்கள் கர்ப்பத்தின் பிற்பாதியில் நடந்ததைக் காட்டும். ஆனால் முன்னதற்கு உயர்தர ஆய்வகம் வேண்டும். பின்னதோ குழந்தை பிறந்த பிறகே கிடைப்பதால் அந்தக் கர்ப்பத்தைக் காக்க உதவாது. சிறுநகர கிளினிக்குக்குப் பொருத்தமான கருவி, பயிற்சி பெற்ற தாதியின் கேள்விதான்.

கேள்வி ஊரின் கோப்பையை அறிந்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு ‘நிலையான கோப்பை’ என்பது 10 கிராம் தூய மது. 330 மில்லி லிட்டர் கொண்ட, 5 விழுக்காடு மதுவுள்ள பீர் டின் ஒன்றில் 13 கிராம் இருக்கிறது; 40 விழுக்காடு மதுவுள்ள, சம்சு எனும் மலிவுச் சாராயத்தின் 150 மில்லி அளவிலோ 47 கிராமுக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஐந்து கோப்பை, அடங்கியிருக்கிறது. ஒரு புட்டிதான் என்று சொல்பவள் ஒரு கோப்பைதான் என்று சொல்லவில்லை. தோட்டங்களிலும் தோட்டத்திலிருந்து பெயர்ந்தவர்கள் குடியேறிய மலிவு வீடுகளிலும் சம்சு செய்த அழிவைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக ஆவணப்படுத்தியிருக்கிறது.

மதுவாகவே கருதப்படாத மது இன்னொரு சிக்கல். ஃபூச்சௌ மக்கள் செந்நொதி அரிசியிலிருந்து வீட்டிலேயே வடிக்கும் சிவப்பு மது, கோழிச் சாற்றோடும் மீ சுவா எனும் மெல்லிய சேமியாவோடும் சேர்ந்து பிள்ளை பெற்றவளின் பத்திய உணவாகிறது. உடம்புக்குச் சூடு வேண்டும் என்று பிரசவித்தவளுக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கும் பழக்கம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டு. ஸ்டவுட் எனும் கறுப்பு பீர் இரத்தத்தை ஊறவைக்கும் என்ற நம்பிக்கையும் நாடெங்கும் பரவியிருக்கிறது. அன்போடு சமைத்துக் கொடுக்கும் மாமியாரையோ அதை நன்றியோடு உண்ணும் மருமகளையோ குடிகாரர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் ‘மது அருந்துவீர்களா’ என்ற ஒற்றைக் கேள்விக்கு இவ்வீட்டுப் பெண் உண்மையாகவே ‘இல்லை’ என்பாள். கொதித்த சாற்றில் மது முழுவதும் ஆவியாகிவிடுவதில்லை. தாயின் இரத்தத்தில் உள்ள அளவுக்கு ஏறத்தாழ நிகரான அளவு தாய்ப்பாலிலும் சேர்கிறது. பீர், ஸ்டவுட், சம்சு, கள், பிராந்தி, சிவப்பு மது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, சமையலில் சேர்ப்பதையும் விசாரிக்கும் தாதிக்குத்தான் முழுப் பதில் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது என்பது இவையெல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. தமிழ் வாசகர் கவனமாகச் சிந்திக்க வேண்டிய இடமும் இதுவே. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் ஒப்புதலோடு நடந்தது. கூலியாகக் கொடுத்த காசின் ஒரு பகுதி அதன் வழியாகவே திரும்பிப் போயிற்று. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை எனும் இயக்கம் கள்ளுக்கு எதிராகத் திரண்டு போலீசாருடன் மோத நேர்ந்தது. தம்மேல் திணிக்கப்பட்ட குடியை எதிர்த்துப் போராடிய ஒரு சமூகம், பிற்காலத்தில் குடிக்கும் சமூகம் என்ற முத்திரையைச் சுமக்க நேர்ந்தது பெருங்கொடுமை. அந்தப் போராட்ட வரலாறும்கூட ஆண்களின் குடியைப் பற்றியதாகவே எழுதப்பட்டது. பெண் அதில் அடிபடும் மனைவியாக மட்டுமே வருகிறாள், தானே குடிக்கவும் தானே நிறுத்த விரும்பவும் கூடியவளாக அல்ல.

இப்பின்னணியில், தமிழ்ப் பெண்ணிடம் மட்டும் அல்லது தோட்டத்திலிருந்து வரும் பெண்ணிடம் மட்டும் மதுவைப் பற்றிக் கேட்கும் தாதி, எவ்வளவு நல்லெண்ணத்தோடு கேட்டாலும், அந்தப் பழைய முத்திரையைத்தான் இன்னொரு முறை குத்துகிறார். மறுபுறம், மாநிலங்களின் ஷரியா சட்டப்படி முஸ்லிம்கள் மது அருந்துவது குற்றம் என்பதால், மலாய்ப் பெண்ணிடம் கேட்பது அவமதிப்பாகிவிடுமோ என்ற தயக்கமும், கேட்டாலும் தண்டனைக்கு அஞ்சி அவள் சொல்லமாட்டாள் என்ற எண்ணமும் சேர்ந்து, உதவி தேவைப்படும் சிலரை முற்றிலும் மறைத்துவிடக்கூடும். நகரத்தில் வசதியாக வாழும் படித்த சீனப் பெண்ணிடமோ, அவளுடைய தோற்றத்தைப் பார்த்தே எவரும் கேட்பதில்லை. ஆள் பார்த்துக் கேட்கும் முறை மூன்று சமூகங்களுக்கும் மூன்று விதமாகத் தீங்கு செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணிடமும், இயன்ற அளவு முன்கூட்டியும் ஒவ்வொரு வருகையின்போதும் மது பற்றியும் பிற போதைப்பொருள் பற்றியும் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்ததன் பொருள் யோங் பெங்கில் இப்படித்தான் விளங்குகிறது.

கேட்பது தண்டனையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் எச்சரிக்கை. சார்ல்ஸ்டன் நகரின் அரசு மருத்துவமனை ஒன்று 1989 முதல் கருவுற்ற பெண்களின் சிறுநீரை அவர்கள் இசைவின்றிக் கொக்கெய்னுக்காகச் சோதித்து, முடிவைக் காவல்துறையிடம் கொடுத்தது. கைதானவர்களில் ஏறத்தாழ எல்லோருமே கறுப்பினப் பெண்கள். 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கைதுக்கு அஞ்சும் பெண் மருத்துவமனைக்கே வராமல் போவாள்; அப்போது தாய், குழந்தை இருவருமே கைவிடப்படுகிறார்கள். சொல்வது தாதியோடு நிற்கும், கணவருக்கோ மாமியாருக்கோ சமய அதிகாரிக்கோ போகாது என்ற உறுதியைக் கேள்விக்கு முன்பே கொடுப்பதும், உடன் வந்தவர்களை வெளியே அமரச் சொல்லிவிட்டுத் தனியே கேட்பதும், அவளுக்குப் பழகிய மொழியில் கேட்பதும் வெறும் நயத்துக்காகச் சொல்லப்படுபவை அல்ல. இவை இல்லாமல் சோதனையே பொய்த்துப்போகும்.

இது மலேசியாவில் நடக்கக்கூடியதா என்பவர்களுக்கு அந்நாட்டின் சொந்த அனுபவமே விடை. மதுவைவிடப் பன்மடங்கு அச்சமும் அவமானமும் சூழ்ந்திருந்த எச்.ஐ.வி.க்கான சோதனையை 1998 முதல் அரசாங்க கிளினிக்குகள் கருவுற்ற பெண்கள் எல்லோருக்கும் பொதுவாக்கின. எல்லோருக்கும் பொதுவானதால் அது எவரையும் சுட்டவில்லை. நோய் தெரிந்தவளுக்கு மருந்து கிடைத்தது. 2018இல், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதலாவதாக மலேசியாவை உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேறுபாடு ஒன்று உண்டு: எச்.ஐ.வி.க்கு மாத்திரை இருக்கிறது, மதுவுக்கு முதல் மருந்து பேச்சு.

அந்தப் பேச்சு நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. அவ்வப்போது அருந்தும் பெண்ணுக்கு ஐந்து முதல் பதினைந்து நிமிடம், அவள் சொன்னதைக் கேட்டு, இன்றே நிறுத்தினாலும் குழந்தையின் மூளைக்கு இனிவரும் மாதங்கள் மிச்சம் என்பதை விளக்கி, நிறுத்தும் வழியை அவளையே சொல்லவைப்பது ‘குறுகிய தலையீடு’ எனப்படும். பலருக்கு அதுவே போதும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவளின் நிலை வேறு. ‘இன்றோடு விட்டுவிடு’ என்று அவளுக்குச் சொல்வது ஆபத்தானது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வந்து தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்து நேரலாம் என்பதால், மருத்துவமனையில் சேர்த்து, நீண்ட நேரம் வேலை செய்யும் அமைதியூட்டி மருந்துகளோடு படிப்படியாக விடுவிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்சொன்ன வழிகாட்டி கூறுகிறது. குடியால் உடலில் குறைந்துபோன தையமின் உயிர்ச்சத்தையும் ஈடுசெய்ய வேண்டும். யோங் பெங் பெண்ணுக்கு மருத்துவமனை என்பது பத்து பகாட் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனையைக் குறிக்கும். கணவரின் குடியையும் வீட்டில் அடிதடி உண்டா என்பதையும் அதே மூச்சில் விசாரிக்காவிட்டால் இவ்வளவும் வீணாகலாம், ஏனெனில் மாலையில் புட்டி திறக்கப்படும் வீட்டில் தனியாக ஒருத்தி விலகி நிற்பது எளிதல்ல.

மலேசிய அரசு 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தியது. வரவேற்கத்தக்க அச்சட்டம் கடையை மட்டுமே பார்க்கிறது. 24 வயதில் கருவுற்று, பழக்கத்தை எவரிடமும் சொல்லமுடியாமல் கிளினிக் நாற்காலியில் அமர்ந்திருப்பவளுக்கு அது எதையும் செய்வதில்லை. அவளுக்குத் தேவையானதைச் செய்யப் புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ வேண்டியதில்லை. பயிற்சியும், இளஞ்சிவப்புப் பதிவேட்டில் நான்கைந்து வரிக்கு இடமும், நிறக்குறியீட்டில் மதுவுக்கு உரிய நிலையும், அனுப்ப வேண்டியவர்களை ஏற்றுக்கொள்ள மருத்துவமனையில் ஒரு பொறுப்பாளரும் போதும். 2022 மாநிலத் தேர்தலுக்குப் பின் ஜொகூரின் சுகாதார ஆட்சிக்குழுப் பொறுப்பை ஏற்றவர் யோங் பெங் சட்டமன்ற உறுப்பினர் லிங் தியான் சூன் என்பதால், இதை முதலில் நடத்திக்காட்ட இந்த ஊரை விடப் பொருத்தமான ஊர் மாநிலத்தில் வேறில்லை. மாநில அரசும் சுகாதார அமைச்சும் அடுத்த ஆண்டின் பதிவுகளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். தமிழ் அமைப்புகளும் ஆலயங்களும் சீன, மலாய்ச் சமூக அமைப்புகளோடு சேர்ந்து, இந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை வெளிப்படையாக முன்வைக்க வேண்டும்.